புதிதாகச் சேர்ப்பதா, பழையதைத் திருத்துவதா? சேர்வராயன் மலைப் பதிவுகளுக்காக ஓர் ஒப்பீடு

சேலத்தில் இருந்துகொண்டு ஐநேச்சுரலிஸ்ட் தரவுத்தளத்தில் செடிகொடிகளையும் பூச்சி பறவைகளையும் பதிந்துவரும் எங்களைப் போன்றவர்களுக்கு வாரத்தில் கிடைப்பவை இரண்டு மாலைகள்தாம். அந்த நேரத்தை நான்கு வழிகளில் செலவிடலாம். மலையில் எடுத்த புதிய படங்களை ஏற்றலாம். நாமே முன்பு ஏற்றிய பதிவுகளில் விடுபட்டவற்றை நிரப்பலாம். பிறர் ஏற்றிப் பெயர் தெரியாமல் நிற்பவற்றுக்கு அடையாளம் சொல்லலாம். பெயர் பெற்றுவிட்டவற்றில் எது தானாக முளைத்தது, எது நட்டு வளர்த்தது, குறித்த இடம் சரிதானா என்று தரம் பார்க்கலாம். நான்கும் செய்யவேண்டிய வேலைகளே. ஆனால் நேரம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்தே ஆகவேண்டும். சேர்வராயன் மலையைப் பொறுத்தவரை அந்த முடிவு என்னவாக இருக்கவேண்டும் என்று நண்பர்களுடன் பல மாதங்கள் பேசியபின் எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் இந்தத் தளத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 2008-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவர்களின் இறுதித் திட்டமாகத் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட், 2023 முதல் தனித்து இயங்கும் லாப நோக்கற்ற அமைப்பாக உள்ளது. இதில் ஒரு பதிவு என்பது, ஓர் உயிரை ஒருவர் ஓர் இடத்தில் ஒரு நாளில் கண்டதற்கான சான்று. படமோ ஒலியோ, நாள், இடம் ஆகிய மூன்றும் இருந்து, அந்த உயிர் வளர்க்கப்பட்டதாக இல்லாமலும் இருந்தால், பதிவு ‘அடையாளம் தேவை’ என்ற நிலையில் நிற்கும். குறைந்தது இருவர் சேர்ந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே இனத்தின் பெயரைச் சொன்னால் அது ‘ஆய்வுத் தரம்’ பெறும். அவ்வாறு தரம் பெற்று, பகிர்வு உரிமமும் பொருந்தியிருந்தால், ஜிபிஐஎஃப் என்னும் உலகளாவிய பல்லுயிர்த் தரவகத்துக்குச் செல்லும். ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துவார்கள். படம் அல்லது ஒலி, நாள், இடம் ஆகியவற்றில் எது ஒன்று இல்லாவிட்டாலும் பதிவு ‘சாதாரண’ நிலைக்கு இறங்கிவிடும். அடையாளம் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இந்த அமைப்பில் நம் முடிவைத் தீர்மானிக்கும் விதி ஒன்று இருக்கிறது. அடையாளத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மாற்றுக் கருத்தும் தெரிவிக்கலாம். வளர்த்ததா, தானாக வளர்ந்ததா என்று யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். ஆனால் நாளையும் இடத்தையும் பதிவின் உரிமையாளர் ஒருவர் மட்டுமே மாற்றமுடியும். மற்றவர்கள் ‘இடம் தவறு’ என்று வாக்களித்துப் பதிவைக் கீழே இறக்கலாமே தவிர, சரியான இடத்தை எழுதிவைக்க முடியாது.

புதிய பதிவுகளைச் சேர்ப்பதை முதலில் பார்த்துவிடுவோம். இதுவே எல்லோருக்கும் பிடித்த வேலை. மலைமேல் உள்ள சுற்றுலா ஊரான ஏற்காட்டின் ஏரியையும் பகோடா பாயிண்டையும் சுற்றி எடுத்த படங்கள் ஏராளமாக வருகின்றன. சுற்றுலாப் பேருந்துகள் நிற்காத உட்பகுதிச் சிற்றூர்களிலிருந்து வருபவை குறைவு. இரவுப் பூச்சிகள், சிலந்திகள், பாசிகள், காளான்கள் போன்றவற்றில் எதை ஏற்றினாலும் பயன் உண்டு. ஆகவே புதிய பதிவு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் படம் கணினியில் பத்திரமாக இருக்கிறது. நாளும் இடமும் அதனுள்ளேயே எழுதப்பட்டிருந்தால் இன்று ஏற்றினாலும் அடுத்த ஆண்டு ஏற்றினாலும் வேறுபாடு இல்லை. தள்ளிப்போட்டால் கெட்டுப்போகாத வேலை இது என்பதால் வரிசையில் கடைசியாக வைக்கிறேன்.

பழைய பதிவுகளைத் திருத்துவது அப்படியல்ல. இதில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான், ஏனென்றால் இங்கே மூலப்பொருள் நம் நினைவு. என் சொந்தப் பதிவு ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். ஏற்காட்டின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய சிறு பல்லி இனம் ஒன்று உண்டு. அது 2000-ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. அந்த இனம் அடங்கிய பேரினத்துப் பல்லி ஒன்றை, விரல் நீளம்கூட இல்லாத ஒன்றை, ஒரு டிசம்பர் காலையில் மலைமேல் பாறை இடுக்கில் படம் எடுத்திருந்தேன். கேமராவிலிருந்து நண்பருக்கு அனுப்பி, அவரிடமிருந்து கைப்பேசிச் செயலி வழியே திரும்பி வந்த படத்தைத்தான் இரண்டு மாதம் கழித்து வீட்டில் உட்கார்ந்து ஏற்றினேன். அந்த வழியில் வந்த படத்தில் நாளும் இல்லை, இடமும் இல்லை. ‘இப்போதைய இடம்’ என்பதைத் தட்டினேன், நாளையும் அப்படியே விட்டுவிட்டேன். விளைவு, மலைப் பாறையில் டிசம்பரில் கண்ட பல்லி சேலம் நகரத்து அஸ்தம்பட்டியில் பிப்ரவரியில் கண்டதாகப் பதிவாகிவிட்டது.

இது சிறு பிழைபோலத் தோன்றலாம். சமவெளியில் உள்ள ஊராக இருந்தால் பதினைந்து கிலோமீட்டர் பிசகுவது பெரிய கேடு செய்யாது. இரு முனையிலும் ஒரே வெயில், ஒரே மண், ஒரே முள்வேலி. ஆனால் சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சாலைவழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு முப்பது கிலோமீட்டர் என்றாலும், அஸ்தம்பட்டியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் குறுகிய தொலைவுக்குள் அடிவாரத்து முட்காடு, இலையுதிர் காடு, மேலே காப்பித் தோட்டமும் சோலைத் துண்டுகளும் என்று நிலமே மாறிவிடுகிறது. வெப்பம் கூடும்போது மலை உயிர்கள் மேலே நகர்கின்றனவா என்று யாராவது ஆராய விரும்பினால், அவர்களுக்கு இங்கே தேவைப்படுவது துல்லியமான இடம். என் பல்லி அந்த ஆராய்ச்சியில் 1,200 மீட்டர் கீழே இறங்கி வாழ்வதாகச் சாட்சி சொல்லியிருக்கும்.

திருத்திய விதத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதும் ஒப்பீட்டின் ஒரு பகுதி. பழைய நினைவக அட்டையைத் தேடி எடுத்தேன். மூலக்கோப்பில் நாளும் நேரமும் இருந்தன. கேமராவில் ஜிபிஎஸ் இல்லாததால் இடம் இல்லை. பல்லிப் படத்துக்கு முந்திய படம் ஒரு தேநீர்க்கடை வாசல், பிந்திய படம் கைப்பிடிச் சுவரோரம் நின்ற நண்பர். இரண்டுக்கும் இடையே பதினெட்டு நிமிடம். கடையிலிருந்து அந்தச் சுவர்வரை நடந்த பாதை எனக்கு இன்னும் நினைவிருந்தது. பாதையில் பாறை தெரியும் இடம் ஒன்றுதான். செயற்கைக்கோள் படத்தில் அதைக் கண்டு குறியை வைத்து, குறி எவ்வளவு தூரம் பிசகக்கூடும் என்று காட்டும் துல்லிய வட்டத்தை 60 மீட்டராகக் குறித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்து ஆண்டுகள் கழித்துச் செய்திருந்தால் அந்தப் பாதை எனக்கு நினைவிருக்குமா என்பது ஐயமே. உலகின் எந்தப் பல்லி வல்லுநராலும் செய்யமுடியாத திருத்தம் அது. அவரால் பெயரைச் சொல்லமுடியும், பாறையைச் சொல்லமுடியாது.

எல்லாப் பதிவுக்கும் முக்கால் மணி நேரம் ஆகாது. கொண்டை ஊசி வளைவுகளில் எடுத்த படம் என்றால், அருகிலுள்ள படங்களில் வளைவின் எண் பலகை எங்காவது விழுந்திருக்கும். எந்த வளைவு என்று தெரிந்தால் உயரமே தெரிந்துவிடும். இடம் உறுதியாக நினைவில்லாவிட்டால் கற்பனையாகக் குறி வைக்காமல், வட்டத்தைப் பெரிதாக்கிவிடுவதே நேர்மை. ஆனால் இந்த மலையில் அந்த வட்டம் அடிவாரத்தையும் உச்சியையும் சேர்த்து விழுங்கும் அளவுக்குப் பெரிதாகிவிட்டால் பதிவு பெரும்பாலும் பயனிழந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

இடத்தைச் சரிபார்க்கக் கிளம்புபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய எச்சரிக்கையும் ஒன்று உண்டு. அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. பதிந்தவரும் விரும்பினால் மறைக்கலாம். அப்போது உண்மையான புள்ளிக்குப் பதிலாக, 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்துக்குள், ஏதோ ஓரிடத்தில் குறி காட்டப்படும். ஏற்காடு அமைந்த கட்டத்திலேயே மலைக்குக் கீழே உள்ள அயோத்தியாப்பட்டணமும் வருகிறது. ஆகவே மலை ஆர்க்கிட் ஒன்று அயோத்தியாப்பட்டணத்து வயல்நடுவே நிற்பதாக வரைபடம் காட்டலாம். எங்கள் நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அப்படிப்பட்ட பதிவு ஒன்றுக்கு ‘இடம் தவறு’ என்று வாக்களித்துவிட்டார். பிறகு உண்மை தெரிந்து வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மறைக்கப்பட்ட பதிவின் குறி கூர்முனை இல்லாத வட்டமாக இருக்கும். அதைப் பார்த்தால் கைவைக்காமல் விட்டுவிட வேண்டும்.

அடுத்ததாக, நட்டதா தானாக வளர்ந்ததா என்று பார்க்கும் வேலை. இந்த மலைக்கு இது வேறெங்கையும்விட முக்கியமானது. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் ஏராளம். காப்பிக்கு நிழல் தருவதற்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. அவற்றின்மேல் மிளகுக் கொடி ஏறுகிறது. இடையிடையே பலாவும் ஆரஞ்சும் நிற்கின்றன. சாலையோரம் இறங்கிப் படம் எடுப்பவருக்கு எல்லாமே காடாகத்தான் தெரியும். அவர் சில்வர் ஓக்கை ஏற்றுகிறார், இருவர் ‘ஆம், சில்வர் ஓக்தான்’ என்கிறார்கள், பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிடுகிறது. பெயர் சரி. ஆனால் இந்த மரம் இங்கே தானாகப் பரவி வளர்கிறது என்ற பொருளில் அது உலகத் தரவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. வரிசையாக, ஒரே வயதில், ஒரே இடைவெளியில் நிற்கும் மரங்களை எஸ்டேட் மரங்கள் என்று சொல்ல இந்த ஊர்க்காரருக்கு நொடிப்பொழுது போதும். வெளிநாட்டிலிருந்து அடையாளம் சொல்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

இந்த வேலையில் உழைப்பு பெருகிப் பலன் தருவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஒரு மாவட்டம் போன்ற எல்லைக்குள் ஒரு இனத்துக்குக் குறைந்தது பத்துப் பதிவுகள் இருந்து, அவற்றில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேல் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அதன்பின் அந்த எல்லைக்குள் வரும் அதே இனத்தின் புதிய பதிவுக்குத் தளமே தானாக ‘வளர்க்கப்பட்டது’ என்று ஒரு வாக்கு அளித்துவிடும். அதாவது, சேலம் மாவட்டத்துத் தோட்ட மரங்களை இன்று பொறுமையாகக் குறித்துவைத்தால், நாளை ஏற்றப்படுபவை தாமாகவே சரியான நிலையில் வந்து சேரும். அதே காரணத்தால் இன்று தவறாகக் குறித்தாலும் தவறு பெருகும்.

எங்கே தவறு நிகழும் என்றால், ‘வெளிநாட்டிலிருந்து வந்தது’ என்பதையும் ‘நட்டு வளர்த்தது’ என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்து வந்தது. ஆனால் மலைச்சரிவில் புதராக மண்டிக்கிடப்பதை யாரும் நடவில்லை. அது இந்தத் தளத்தின் கணக்கில் காட்டுச்செடியே. காப்பியிலேயே இரண்டும் உண்டு. எஸ்டேட் வேலிக்கு வெளியே, ஓடைக்கரைப் பாறைப் பிளவில், இரண்டே ஜோடி இலைகளோடு நிற்கும் காப்பிக் கன்று ஒன்றைச் சென்ற ஆண்டு கண்டேன். பக்கத்திலேயே மரநாயின் எச்சம், அதில் உரியாத காப்பிக் கொட்டைகள் அப்படியே இருந்தன. மனிதர் நடாத அந்தக் கன்று காட்டுப் பதிவு. நூறு அடி மேலே வரிசையில் நிற்கும் அதன் தாய்ச்செடி வளர்ப்புப் பதிவு. கன்றைப் பதியும்போது எச்சத்தையும் பாறையையும் சேர்த்துப் படம் எடுத்து, குறிப்பில் இரண்டு வரி எழுதினால், தளம் தானாகப் போடும் வாக்கை எதிர்த்து வாக்களிப்பவருக்கு ஆதாரம் இருக்கும்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தில் எடுத்த படங்கள், அடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் கூண்டுக்குள் இருக்கும் விலங்குகளின் படங்கள் ஆகியவையும் வளர்ப்புப் பதிவுகளே. ஆனால் அதே பூங்காவில் கூண்டின் கம்பிமேல் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி வளர்க்கப்பட்டதல்ல. இடத்தின் பெயரை மட்டும் பார்த்து மொத்தமாக வாக்களித்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறர் பதிவுகளுக்கு அடையாளம் சொல்வதுதான் மதிப்பு மிக்க வேலை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறல்ல, ஒரு துறையை ஆழ்ந்து கற்றவர் இதை விட்டுவிட்டு வேறு எதையும் செய்யத் தேவையில்லை. இந்த மலைக்கே உரிய கேடயவால் பாம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்ணுக்குள் வாழும் இந்தப் பாம்பு நெடுங்காலம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பரவியுள்ள வேறொரு இனத்துக்குள் அடக்கப்பட்டிருந்தது. 2014-இல் வெளிவந்த ஆய்வு, ஜான் ஷார்ட் என்ற மருத்துவரின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டில் வைக்கப்பட்ட பழைய பெயரையே மீட்டு, அதைச் சேர்வராயன் மலைக்கு உரிய தனி இனமாக நிறுவியது. பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு அடையாளம் சொல்பவர் இன்றும் பழைய பெயரையே எழுதக்கூடும். இந்த வரலாறு தெரிந்த ஒருவர் அத்தகைய பதிவுகளைத் தேடிப் பார்த்துத் திருத்தினால் அதற்கு ஈடான உதவி வேறில்லை.

ஆனால் எங்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்குக் கற்றவர்கள் அல்லர். கணினி பரிந்துரைக்கும் முதல் பெயரை ஒருவர் ஏற்கிறார். இன்னொருவர் நட்புக்காக ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிறார். பதிவு ஆய்வுத் தரம் பெறுகிறது. பிழையான அந்த இருவரும் பின்வாங்காவிட்டால், சரியான பெயரோடு அந்தப் பதிவை மீண்டும் ஆய்வுத் தரத்துக்குக் கொண்டுவர ஐந்து பேர் வேண்டும். நால்வர் வந்தால் ஆறில் நான்கு, அதாவது சரியாக மூன்றில் இரண்டு. விதி கேட்பதோ அதற்கு மேல். அவசரமாகச் செய்த இரண்டு அழுத்தல்களைச் சரிசெய்ய ஐந்து பேரின் நேரம் செலவாகிறது. ஆகையால் எந்த இனத்தை எதனிடமிருந்து எந்த அடையாளத்தால் பிரித்தறிகிறோம் என்று ஒரு வரியில் எழுதத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பெயர் சொல்வது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மற்றவற்றில் ‘இது ஒரு சிலந்தி’, ‘இது ஆர்க்கிட் குடும்பம்’ என்று மேல்நிலைப் பெயரைச் சொல்வது எளிது, பிழை வாய்ப்பும் குறைவு. வல்லுநர் தம் துறைக்கு உரியதைத் தேடும்போது அந்தப் பதிவு அவர் கண்ணில் படுவதற்கு அதுவே வழி.

பிறர் பதிவில் இடமோ நாளோ பிசகியிருப்பதாகப் பட்டால், வாக்களிப்பதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது. நான் எழுதும் குறிப்பு இதுதான்: “வணக்கமுங்க. அருமையான படம். இது எடுத்த இடம் ஏற்காடுங்களா, சேலமுங்களா? குறி நகரத்துக்குள் காட்டுகிறது. முடிந்தால் திருத்திவிடுங்க, பதிவு மிகவும் பயனுள்ளதாக இருக்கும்.” கேட்டவர்களில் பலர் அன்றே திருத்திவிட்டார்கள். இரண்டு மூன்று வாரம் பதில் இல்லாவிட்டால் மட்டுமே வாக்கு. முதலிலேயே வாக்களித்தால் பதிவு கண்ணில் படாத நிலைக்குப் போய்விடும். உரிமையாளருக்கும் ஏன் என்று தெரியாது.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தபின் எங்கள் மாலைகளை இப்படிப் பிரித்திருக்கிறோம். வாரத்தின் முதல் மாலை முழுவதும் அவரவர் பழைய பதிவுகளுக்கு, அதிலும் மிகப் பழையதிலிருந்து தொடங்கி. நாள், இடம், துல்லிய வட்டம் ஆகியவற்றைச் சரிபார்க்கிறோம். ஒரே பதிவில் இரண்டு உயிர்களின் படங்கள் கலந்திருந்தால் பிரிக்கிறோம். பூத்திருந்ததா, காய்த்திருந்ததா, முட்டையா, புழுவா என்ற விவரத்தையும் நிரப்பிவிடுகிறோம். இரண்டாம் மாலையில் முதல் மணி நேரம் மாவட்டத்துக்குள் நட்ட மரங்களைப் பிரித்துக் குறிப்பதற்கும், மீதி உறுதியாகத் தெரிந்த அடையாளங்களுக்கும். புதிய படங்கள் மழைக்காலத்தில், மலைக்குப் போகமுடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறும்.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. கைப்பேசியிலேயே எடுத்து அங்கேயே ஏற்றிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இடமும் நாளும் தொடக்கத்திலேயே சரியாக இருக்கும்; திருத்துவதற்குப் பழையது அதிகம் இருக்காது. அவர்கள் நேரே தோட்ட மரங்களிலிருந்து தொடங்கலாம். கேமராவில் எடுத்துப் பிறகு ஏற்றுபவர்கள், குறிப்பாகப் பத்து ஆண்டுகளுக்கு முந்திய படங்களை மொத்தமாக ஏற்றியவர்கள், வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பயணத்தில் உடன் வந்தவர்களை அழைத்து உட்காரவைத்து, படங்களை ஒன்றாகப் பார்ப்பது நல்லது. என் பட்டியலில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் பதிவுகள் இடம் சரிபார்க்கப்படாமல் இருக்கின்றன. அவற்றில் நாற்பதுக்கு நான் மட்டும் போதாது. அன்று கூட நடந்த நண்பரின் நினைவும் வேண்டும். அவர் இப்போது ஓமலூரில் இருக்கிறார். அடுத்த வாரம் நினைவக அட்டைகளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன்.